வாசற்படியில் சொல்லும் விஷயம்

என்னிடம் வியாபார ஆங்கிலம் படிக்க வரும் அம்மாப்பேட்டை விசைத்தறிக்காரர் ஒருவருக்கு ஹாம்பர்க்கிலிருந்து வரும் மின்னஞ்சல்கள் எல்லாம் அவருடைய அப்பாவின் பெயருக்குத்தான் வருகின்றன. அப்பா இறந்து பதினொரு வருடம் ஆகிறது.

நடந்தது இதுதான். பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தைக் காலியாக விட வேண்டாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பாவின் பெயரை அதில் எழுதிவிட்டார். ஜெர்மன்காரருக்கு ஒருவரை மரியாதையாக அழைப்பது என்றால் குடும்பப் பெயரைச் சொல்லி அழைப்பது. ஆகவே ஒன்றரை வருடமாக மிகுந்த மரியாதையோடு ஒரு காலமானவருக்குப் படுக்கை விரிப்பு ஆர்டர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

"ஏன் அண்ணா சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும் மேடம். இப்போது சொன்னால் அவர் சங்கடப்படுவார் இல்லையா?"

ஐந்து ரோடு பக்கம் மருந்துக் கடைக்கு மேலே ஒரு அறை, பன்னிரண்டு நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. மாலை ஏழிலிருந்து எட்டரை வரை வகுப்பு. இருபத்திரண்டு வருடம் ஏற்றுமதி அலுவலகத்தில் ஆவணம் போட்டுவிட்டு வந்தவள் நான். ஆங்கில இலக்கியம் படித்தவள் இல்லை. இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் கற்றுக்கொடுத்த ஆங்கிலம்தான் என்னுடையது. வருகிறவர்கள் தறிக்காரர்கள், சேவாப்பேட்டைக் கொலுசு வியாபாரிகள், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலையின் கணக்கர் ஒருவர், ஜாகீர் அம்மாபாளையம் ஐ.டி. பூங்காவிலிருந்து வேலை முடிந்து தலைவலியோடு வரும் இரண்டு பெண்கள். எல்லோரும் முதல் நாள் கேட்பது இலக்கணம். 'ஹேஸ்', 'ஹேவ்' சரியாக வந்துவிட்டால் ஆர்டர் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை.

'ஹேஸ்' தவறியதால் கைவிட்டுப்போன ஆர்டர் ஒன்றையும் என் அலுவலக வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. கைவிட்டுப் போனவை வேறு காரணங்களால் போயின.

சிறிய கோளாறுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். தொலைபேசியை எடுத்ததும் 'டெல் மீ' என்கிறோம். நமக்கு அது 'சொல்லுங்கள்'. அன்பும் பணிவும் அதில் இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கோ காவல் நிலையத்தில் விசாரிப்பது போலக் கேட்கிறது. 04/05 என்று தேதி போடுகிறோம். அமெரிக்கர் அதை ஏப்ரல் ஐந்து என்று படிக்கிறார். ஜெர்மனியிலிருந்து 1.500 என்று வந்தால் அது ஒன்றரை இல்லை, ஆயிரத்து ஐந்நூறு; அங்கே ஆயிரத்துக்குப் புள்ளி, பின்னத்துக்குக் காற்புள்ளி. 'ஹாஃப் எய்ட்' என்று ஆங்கிலேயர் சொன்னால் எட்டரை. அதே சொல்லைத் தன் மொழியிலிருந்து அப்படியே எடுத்து ஒரு ஜெர்மன்காரர் சொன்னால் ஏழரையாகவும் இருக்கலாம், ஏனென்றால் அவர்கள் எட்டை நோக்கிப் பாதி என்று எண்ணுகிறவர்கள். இதையெல்லாம் ஒரு வாரத்தில் சரி செய்துவிடலாம். மாதத்தை எழுத்தால் எழுது, மணியை எண்ணால் எழுது, லட்சத்தை மில்லியனாக்கு. முடிந்தது.

நம் 'ஆமாம்' கொஞ்சம் அதிக நாள் பிடிக்கும். "சரக்கு கையிருப்பில் இல்லையா?" என்று ஒருவர் கேட்டால் நாம் "ஆமாம்" என்கிறோம். கேட்டவர் சொன்னது சரி, சரக்கு இல்லை என்று பொருள். அதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டு நாம் 'யெஸ்' என்றால், சரக்கு இருக்கிறது என்று அவர் எழுதிக்கொண்டு போய்விடுவார். ஜவ்வரிசிக் கணக்கர் இதைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சண்டை நடந்தது. இப்போதுதான் புரிகிறது" என்றார். எந்தச் சண்டை என்று நான் கேட்கவில்லை.

ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பவர்களும் இப்படி முட்டிக்கொள்வதுண்டு என்று சொன்னால் வகுப்புக்குக் கொஞ்சம் தெம்பு வரும். இரண்டாம் உலகப் போரின்போது ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்யலாமா என்று பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் நெடுநேரம் வாதாடியதைச் சர்ச்சில் தம் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். பிரிட்டனில் அதற்கு உடனே விவாதிப்பது என்று பொருள், அமெரிக்காவில் தள்ளிவைப்பது. இரு தரப்புக்கும் வேண்டியது ஒன்றேதான், சொல்தான் நடுவில் நின்றது. சர்ச்சிலுக்கே இந்தக் கதி என்றால் நமக்கென்ன என்று கொலுசுக்காரர் ஒருவர் அன்று நிம்மதியாகப் பேச ஆரம்பித்தார்.

ஆனால் என் சொந்தக் கதைக்குச் சர்ச்சில் உதவமாட்டார்.

2012-ஆம் வருடம். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத காலம். சேலம் மாவட்டத்துத் தறிகளில் பாதி நேரம் மௌனம்தான். அப்போது நான் வேலை செய்த நிறுவனத்தில் நெதர்லாந்துக்காரர் ஒருவருக்குச் சமையலறைத் துண்டுகள் அனுப்ப வேண்டியிருந்தது. மாதம் மூன்றாம் தேதியே எங்களுக்குத் தெரிந்துவிட்டது, சொன்ன நாளில் கண்டெய்னர் ஏறாது என்று. முதலாளி நல்ல மனிதர். "இப்போது சொல்லி அவரை ஏன் கலங்க வைக்க வேண்டும்? டீசல் ஊற்றியாவது முடித்துவிடலாம்" என்றார். எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. நிலவரம் என்னவென்று அவர் கேட்டு எழுதியபோதெல்லாம் 'எங்களால் இயன்ற அளவு முயல்கிறோம்' என்ற பொருளில், 'லெவல் பெஸ்ட்' என்று பதில் போட்டேன். அந்தத் தொடரை எழுதும்போது ஒரு திருப்தி இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நம் ஊர்க்காரர் யாராவது அதைப் படித்திருந்தால் அந்த நிமிடமே புரிந்துகொண்டிருப்பார்: சரக்கு தாமதம். அவருக்கு அது, வேலை நடக்கிறது என்று படித்தது.

கண்டெய்னர் ஒன்பது நாள் தாமதமாகப் போனது. அதற்கு முன்பே பாதிச் சரக்கை எங்கள் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. அவர் தம் கடைகளுக்கெல்லாம் தள்ளுபடி விற்பனைத் தேதியை அச்சடித்து அனுப்பியிருந்தாராம். தொலைபேசியில் அவர் கோபமாகப் பேசவில்லை. "மூன்றாம் தேதி நீங்கள் சொல்லியிருந்தால் அச்சகத்துக்கு ஒரு போன் செய்திருப்பேன், அவ்வளவுதான்" என்றார். அடுத்த பருவத்தில் அவரிடமிருந்து விலை கேட்டுக்கூடக் கடிதம் வரவில்லை. இந்த 'அவ்வளவுதான்' என்பதைக் கற்றுக்கொடுக்கத்தான் வகுப்பே தொடங்கினேன் என்று சில நாள் தோன்றும்.

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1976-இல் வெளிவந்த நூலில் இதை விளக்கியிருக்கிறார். சில சமூகங்களில் செய்தி சொல்லில் இருக்கும். சில சமூகங்களில் செய்தியின் பெரும்பகுதி சொல்லுக்கு வெளியே, சூழலில் இருக்கும். எனக்கு இது புரிய ஹால் தேவைப்படவில்லை, என் சித்தப்பா போதும். கடன் கேட்க வந்தால் காப்பி குடிப்பார், மழை பேசுவார், மாங்காய் விலை பேசுவார், எழுந்திருப்பார், செருப்பை மாட்டுவார். ஒரு கால் வாசற்படிக்கு வெளியே போன பிறகு, "அப்புறம் ஒரு விஷயம்" என்பார். அவர் வந்த விஷயம் அதுதான் என்று காப்பி கலக்கும்போதே அம்மாவுக்குத் தெரியும். தெரியாதவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்பதுதான் நாம் புதிதாகப் படிக்க வேண்டிய பாடம்.

நம் கடிதமும் அப்படித்தானே. நலம், நலமறிய ஆவல். மழை, மாடு, பாட்டியின் முழங்கால். கடைசி வரிக்குக் கீழே, இடமில்லாமல் ஓரமாகத் திருப்பி எழுதிய வரியில் கல்யாணம் நின்றுபோன செய்தி. கெட்ட செய்தியை முதல் வரியில் எழுதச் சொன்னால் வகுப்பில் பெரியவர்கள் முகம் சுருங்குகிறது. "எடுத்த எடுப்பிலேயேவா மேடம்? அவர் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?" கேளுங்கள், கடைசியில் கேளுங்கள் என்கிறேன். மனமில்லாமல் எழுதுவார்கள். என்ன ஆனது, புதிய தேதி எது, அந்தத் தேதிக்கு நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா. இந்த மூன்றும் வந்த பிறகு பாட்டியின் முழங்காலையும் எழுதிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

எந்த நாட்டுக்காரர் எப்படி என்று அட்டவணை கேட்கிறவர்களும் உண்டு. கொடுப்பதில்லை. நாடுகளுக்கு மதிப்பெண் போட்டுப் புகழ்பெற்ற ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு அறிஞர் 1967-லிருந்து 1973 வரை ஐ.பி.எம். ஊழியர்களிடம் எடுத்த கணிப்புகளிலிருந்துதான் தொடங்கினார். ஐ.பி.எம். ஊழியரை அளந்த கோலால் சேவாப்பேட்டைக் கொலுசு வியாபாரியை அளக்க முடியாது. அவர் எந்த டச்சுக்காரரையும்விட வெளிப்படையாக, முகத்துக்கு நேராக, கிராம் கணக்கில் பேசுவார். ஆனால் அவரும் தம் சம்பந்தியிடம் பேசும்போது வாசற்படிக்காரர்தான்.

சனிக்கிழமைகளில் ஏற்காடு போகிறேன். பஸ் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டூடியோவின் நுழைவாயில் வளைவைத் தாண்டும்போது எல்லிஸ் டங்கனை நினைத்துக்கொள்வேன். தமிழ் தெரியாமலே தமிழ்ப் படங்கள் இயக்கிய அமெரிக்கர், இங்கேயும் வந்து இயக்கியவர். என் வகுப்புக்கு நேர் எதிர் வகுப்பு அவருக்குத் தேவைப்பட்டிருக்கும். அதற்குப் பிறகு இருபது கொண்டை ஊசி வளைவுகள், அவற்றில் எதையும் நினைக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சையை முகர்வதுதான்.

மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் மூன்று பேருக்கு வகுப்பு. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் காப்பியை இந்த மலைக்குக் கொண்டுவந்தார் என்று ஏற்காட்டில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் தோட்டக்காரர் வெளிநாட்டு வியாபாரியிடம் நேராகப் பேசத் தொடங்கியது அண்மைக் கதை. 1990-களின் நடுப்பகுதி வரை விளைச்சலைக் காப்பி போர்டின் பொதுத் தொகுப்புக்குக் கொடுத்துவிட வேண்டும். விற்பது அவர்கள் பாடு. அது போன பிறகுதான் விலையும், பேச்சும், ஆங்கிலமும் தோட்டத்தின் தலையில் விழுந்தன.

என் மூன்று மாணவர்களில் ஒருவர் எஸ்டேட் ரைட்டர், அதாவது தோட்டத்துக் கணக்கு எழுதுபவர். அறுபதைத் தாண்டியவர். கடந்த டிசம்பரில் வடகிழக்கு மழை விடாமல் பிடித்துக்கொண்டது. பழம் எடுத்து, பல்ப்பரில் போட்டுத் தோலை நீக்கி, கழுவி, களத்தில் பரப்பிய காப்பி காயவில்லை; தார்ப்பாயை மூடுவதும் விரிப்பதுமாக மூன்று நாள். அன்று பார்த்து இத்தாலியிலிருந்து வீடியோ அழைப்பு. துரை கீழே சேலத்தில் இருந்தார். போனை ரைட்டர் எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன், வேண்டுமானால் உதவலாம் என்று.

அவர் வணக்கமே சொல்லவில்லை. போனைத் திருப்பிக் களத்தைக் காட்டினார். "சார், ரெயின். த்ரீ டே நோ சன். மாய்ஸ்ச்சர் ஃபோர்ட்டீன். ஐ வான்ட் லெவன். நவ் நோ சென்ட். டியூஸ்டே ஐ டெல்." அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் ஒரு சிரிப்பு, பிறகு நன்றி, பிறகு மழையைப் பற்றி அவரே இரண்டு கேள்வி. செவ்வாய்க்கிழமை ரைட்டர் மறக்காமல் அழைத்தார். ஈரம் இன்னும் பதின்மூன்று என்று சொல்வதற்காக.

அன்று என் நோட்டில் அவருடைய பிழைகளை வழக்கம் போலக் குறித்திருந்தேன். ஐந்து. அடுத்த வாரம் திருத்திக் கொடுக்க எடுத்துப் போய், கொடுக்காமலே திரும்பிவிட்டேன். பிறகு ஐந்து ரோடு வகுப்பில் பலகையில் அந்த வரிகளை அப்படியே எழுதிப் போட்டேன். ஐ.டி. பூங்காப் பெண் ஒருத்தி சிரித்தாள். இதே செய்தியை உன் அலுவலக ஆங்கிலத்தில் எழுது கண்ணு என்றேன். பதினொரு வரி எழுதினாள், பிழையில்லாமல். பதினான்கு என்ற எண் அதில் இல்லை.

போன மாதம் தறிக்காரருக்கே அப்படி ஒரு நிலை வந்தது. சாயப்பட்டறையிலிருந்து நீல நூல் வரவில்லை. எட்டு நாள் தள்ளும். ஞாயிற்றுக்கிழமை இரவு போன் செய்து, "மேடம், எழுதித்தான் ஆக வேண்டுமா?" என்றார். எழுதுங்கள் என்றேன். திங்கட்கிழமை காலை நான்கு வரி எழுதி அனுப்பிவிட்டு, மத்தியானம் சாப்பிடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பதில் ஒரு மணிக்கு மேல் வந்தது. புதிய தேதி சரி. இனி நீலம் தாமதமாகும் என்று தெரிந்தால் வெள்ளையை முதலில் அனுப்ப முடியுமா என்று ஒரு கேள்வி. மாலையில் வகுப்புக்கு வந்து எல்லோருக்கும் காட்டினார். மேலே, வழக்கம் போல, அன்புள்ள என்று போட்டு அவருடைய அப்பாவின் பெயர்.

"இப்போதாவது பெயரைத் திருத்தச் சொல்லி ஒரு வரி எழுதிவிடலாமே அண்ணா?"

போனை வாங்கி ஒரு முறை பார்த்தார். "இருக்கட்டும் மேடம். வீட்டில்கூட அந்தப் பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை" என்றார்.