வெட்டிய வீடியோவின் முழுப் பேச்சைத் தேடிய அனுபவம்

அரை நிமிடம்கூட ஓடாத வீடியோ அது. ஒரு தலைவர் மேடையில் நின்று, ஓய்வூதியம் வீண் செலவு, நிறுத்திவிட வேண்டும் என்கிறார். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா போட்டிருந்தார், பலமுறை பகிரப்பட்டதைக் காட்டும் இரட்டை அம்புக்குறியோடு. கீழே வரிசையாகக் கோபமான பதில்கள். எனக்கும் அந்தத் தலைவரைப் பிடிக்காது. ஆனால் கடைசிச் சொல் முடிவதற்குள் ஒலி நின்றுவிடுகிறது, அது உறுத்தியது.

வீடியோவை அங்கங்கே நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்துத் தேட உதவும் கூகுள் லென்ஸில் தேடினேன். வந்ததெல்லாம் அதே துண்டின் நகல்கள். முகத்தை விட்டுவிட்டு, பின்னால் இருந்த பதாகையை மட்டும் வெட்டித் தேடிய பிறகுதான் கூட்டத்தின் பெயர் கிடைத்தது, அதை வைத்து யூடியூபில் முழுப் பேச்சும் கிடைத்தது. பழைய தேர்தல் பிரச்சாரம். "எதிரணி என்ன சொல்கிறது தெரியுமா?" என்று கேட்டு அவர்கள் வாதத்தைச் சொல்லிக் காட்டுகிறார், அப்புறம் நீண்ட நேரம் அதை மறுக்கிறார். முன்னும் பின்னும் வெட்டிவிட்டு நடுவில் இருந்ததை மட்டும் யாரோ எடுத்திருக்கிறார்கள்.

ஒரு செய்தித் தளமும் அந்த வெட்டிய துண்டையே செய்தியாக்கியிருந்தது. அவர்களுக்கு எழுதும் முன் அந்தப் பக்கத்தை, இணையப் பக்கங்களின் நகலைப் பாதுகாக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்துக்கொண்டேன், இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஏனென்றால் என் மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை, செய்தி மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போனது. சேமித்த பிரதியை அனுப்பித் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு ஒரு வரித் திருத்தம் போட்டார்கள்.

முழுப் பேச்சைக் குடும்பக் குழுவில் போட்டபோதுதான் உண்மையில் சோர்ந்து போனேன். "இதைச் சொல்லாவிட்டால் என்ன, சொல்லக்கூடிய ஆள்தானே" என்று ஒருவர் எழுத, பலர் அதற்கு லைக் போட்டார்கள். பொய்யை நம்புவதைக்கூடப் புரிந்துகொள்ளலாம், பொய் என்று தெரிந்த பிறகும் அதனால் ஒன்றும் மாறாது என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அப்படி ஆகிவிட்டால் ஒரு தலைவரிடம் நீங்கள் சொன்னதற்குப் பதில் சொல்லுங்கள் என்று எதை வைத்துக் கேட்பது? 2018இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சயன்ஸ் என்ற அறிவியல் இதழில் வெளியிட்ட ஆய்வில், ட்விட்டரில் பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள், தானியங்கிக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் பொய்தான் முந்தியது. பரப்புவது நம்மைப் போன்ற மனிதர்கள்தான்.

சரி, குழுவில் வாதாடுவதை விட்டுவிட்டு சித்தப்பாவுக்கு போன் செய்தேன். "நீ எப்போ அந்தக் கட்சிக்குப் போனே?" என்றார். "கட்சியை விடுங்க சித்தப்பா, நீங்க ஓய்வூதியத்தைப் பத்திக் கவலைப்படறது சரிதான், முழுப் பேச்சை மட்டும் கேட்டுடுங்க" என்று, அந்த இடம் வரும் நிமிடத்தையும் குறித்து அனுப்பினேன். கூட அனுப்பிய குறிப்பில் பொய்யை முதல் வரியில் எழுதவில்லை. திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம் உண்மை போலவே தோன்றத் தொடங்கும் என்று 1977இலேயே உளவியல் ஆய்வு காட்டியிருக்கிறது, அதனால் அந்தத் தலைவர் உண்மையில் பேசியதிலிருந்தே தொடங்கினேன்.

மறுநாள் சித்தப்பாவே முழு வீடியோவைக் குழுவில் போட்டு, "நான் அனுப்பினது வெட்டினது, இதைப் பாருங்க" என்று எழுதினார். நான் சொன்னபோது வராத பதில்கள் அவருக்கு வந்தன. லைக் போட்டவர்களில் சிலர் இன்னும் மனம் மாறவில்லை, அவர்களிடமும் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.