கீழே இருப்பது அட்டன்

"சார், கீழ இருக்கிற மெஷின் 15 நிமிஷம் ஃபாஸ்டா ஓடிட்டிருந்துச்சு. சரி பண்ணிட்டேன். அதுக்குத் தனியா காசு வேணாம்."

கோத்தகிரி பஜாரில் பேட்டரி மாற்றக் கொடுத்திருந்த வாட்சைத் திருப்பித் தரும்போது கடைப் பையன் பெருமையாகச் சொன்னது. ஒரே வாட்சுக்குள் இரண்டு முகப்பு, இரண்டு மெஷின், இரண்டு கீ. மேலே கோத்தகிரி, கீழே அட்டன். பாவி, இரண்டையும் ஒன்றாக்கி வைத்துவிட்டான்.

"அது அட்டன் டைம்ப்பா."

"அது எங்க சார்?"

"சிலோன்ல."

செல்லை எடுத்துத் தட்டிப் பார்த்தான். "சிலோனும் நம்மளும் ஒரே டைம் சார். கிரீன்விச் டைமுக்கு அஞ்சரை மணி நேரம் முன்னால. அப்புறம் எதுக்கு ரெண்டு முகம்?"

அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அதனால்தான் சுருக்கென்றது.

நாங்கள் வந்தது 1973ல். இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் 1964 அக்டோபரில் கையெழுத்துப் போட்டு, அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதிக்கொண்டார்களே, அந்தக் கணக்கில் நாங்கள் ஐந்து உருப்படி. அத்தான் சிலோன் பிரஜாவுரிமைக்கு எழுதியிருந்ததால் அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். அட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறியதும் தொடங்கிய அழுகை தலைமன்னார் வரை ஓயவில்லை. ஒப்பாரிக் கோச்சி என்று எங்கள் ஆட்கள் சும்மா பெயர் வைக்கவில்லை. அப்புறம் ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் இந்த மலை. எனக்கு 12 வயது. இங்கே இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது தேயிலைதான். அதே செடி, அதே மஞ்சு. அட்டனுக்கே திருப்பிக் கூட்டி வந்துவிட்டார்களோ என்று தம்பி கேட்டான்.

மற்றதெல்லாம் வேறு. டீக்கடையில் "ஒரு தேத்தண்ணி" என்றால் சிரிப்பார்கள். ரொட்டியைப் பாண் என்று கேட்டால் யாருக்கும் புரியாது. அங்கே எங்களுக்கு இந்தியாக்காரன் என்று பேர், இங்கே சிலோன்காரன். இப்போது எல்லாம் பழகிவிட்டது. படக பாஷையில் வாய்ச்சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டேன். பேரப்பிள்ளைகளுக்குச் சம்பல் என்றால் என்னவென்று தெரியாது. ஆனாலும் கவ்வாத்து வெட்டிய மலையைக் கடந்து போகும்போது அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறினால், அம்மா ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குக் கிளம்பிவிட்டாளா என்று ஒரு நொடி தேடத்தான் செய்கிறது.

இந்த வாட்ச் பைத்தியம் பிடித்தது 1996ல்.

மாதத்தில் முதல் ஞாயிறு காலை 10 மணிக்கு நான் கோத்தகிரி பூத்திலிருந்து போன் போட வேண்டும். அக்கா அட்டன் டவுனில் ஒரு கடையில் வந்து காத்திருப்பாள். கடிதத்தில் பேசிவைத்த ஏற்பாடு. ஜூன் மாதம் சரியாக 10 மணிக்குப் போட்டேன். "இவ்வளவு நேரம் இருந்துட்டு இப்பத்தான் போனாங்க" என்றார் கடைக்காரர். மீட்டரின் சிவப்பு எண்கள் ஓடுகின்றன. தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவள் 10 நிமிஷம் பொறுக்க மாட்டாளா என்று எனக்குக் கோபம். ஜூலையிலும் அதே கதை. மூன்றாவது வாரம் அவள் கடிதம் வந்தது. "தம்பி, நீ மறந்துபோயிட்ட. இங்க கரண்டு பஞ்சம்னு மணியை ஒரு மணி நேரம் முன்னால தள்ளிட்டாங்க, அதையும் உனக்கு எழுத நினைச்சேன்."

மே மாதக் கடைசியிலேயே மாற்றிவிட்டார்கள். அவளுக்கு 10 மணி என்றால் எனக்கு 9. நான் பூத்தில் போன் போடும்போது அவள் திரும்பிப் போகும் பஸ்ஸுக்குக் கிளம்பியிருக்கிறாள். இரண்டு மாதம் ஒருவரையொருவர் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தோம்.

ஆகஸ்ட்டில் மெட்ராஸ் போனபோது பர்மா பஜாரில் நுழைந்தேன். ஊர் ஊராக மணி காட்டும் கேசியோ வாட்ச் ஒன்றை எடுத்துக் காட்டினார் ஒரு பெரியவர். பொத்தானை அழுத்தினால் ஊர்கள் வரிசையாக வரும். அட்டன் இல்லை, கொழும்பும் இல்லை.

"உங்களுக்கு எவ்வளவு வித்தியாசம் வேணும்?"

"ஒரு மணி நேரம் கூட."

"அப்போ ரங்கூன் வச்சுக்குங்க. ஆறரை. நாங்க அங்கிருந்து வந்தவங்கதான்."

அந்த பஜாரே 1969ல் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக உண்டானது. அவர் கையில் கட்டியிருந்ததும் ரங்கூன் நேரம்தான் என்று நினைக்க எனக்கு ஆசை. எட்டிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. விலையில் கொஞ்சம் குறைத்தார்.

ரங்கூன் மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை. அக்டோபர் கடைசியில் கொழும்பில் அரை மணியைக் குறைத்தார்கள். ஆறு. டாக்கா வைத்துக்கொண்டேன். கையில் டாக்கா, காதில் அட்டன்.

அந்த அரை மணிதான் என்னை இன்னொரு வாட்ச், இன்னொரு வாட்ச் என்று அலைய விட்டது. இரண்டாவது ஊர் காட்டும் முள் வாட்ச் எல்லாம் விமானிகளுக்காக வந்தவை. 1950களில் பான் ஆம் விமானிகளுக்காக ரோலெக்ஸ் செய்ததுதான் பேர் பெற்றது. நாளுக்கு ஒரே சுற்று வரும் தனி முள் அது. பின்னால் வந்தவற்றில் கீயைத் திருகினால் மணி மணியாகத் தாவும், அரை மணியில் நிற்காது. நிமிஷ முள் ஒன்றுதானே இருக்கிறது, அதை இரண்டு ஊருக்கும் எப்படிப் பங்கு போடுவது? முழு மணி கணக்கில் விலகி இருக்கிறவர்களுக்குத்தான் அந்தத் தொழில்நுட்பம். இரண்டு மெஷின் போட்ட இந்த மட்டமான வாட்ச் மட்டும் எதற்கும் ஒத்துக்கொள்ளும். நான் சேர்த்த ஒன்பதில் இதற்குத்தான் விலை குறைவு.

2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு, அவர்கள் பழையபடி ஐந்தரைக்கே வந்துவிட்டார்கள். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் ஒன்பது வாட்சும் வேலையில்லாமல் நின்ற மாதிரி இருந்தது. பின்னால் மருமகன் துபாயிலிருந்து சிவப்பு முள் வைத்த சீக்கோ கொண்டுவந்தார். அதில் அட்டன் வைத்தேன். இரண்டு முள்ளும் ஒரே நேரத்தைத்தான் சொல்கின்றன, ஆனால் நாள் முழுக்க வேறு வேறு திசையில் நிற்கின்றன. நடுராத்திரி 12 மணிக்கு மட்டும் ஒன்றின்மேல் ஒன்று வரும். அதைப் பார்க்க விழித்திருந்தேன் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

15 நிமிஷத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது ஜோசியர். இளைய மகள் கல்யாணத்துக்கு ஜாதகம் எழுதும்போது, அவள் பிறந்த நேரத்திலிருந்து இருபத்திரண்டரை நிமிஷம் கழித்தார். ஏன் என்றேன். "இந்திய நேரம் எண்பத்திரண்டரை டிகிரி தீர்க்கரேகைக்கு வச்சது. கோத்தகிரி 77க்கும் கொஞ்சம் உள்ளே. டிகிரிக்கு 4 நிமிஷம்." அப்படியே என் ஜாதகத்தையும் நீட்டினேன். அட்டன் எண்பதரைக்குக் கொஞ்சம் மேலே என்று பார்த்து, ஏழரை நிமிஷம் கழித்தார். எனக்கு ஏழரை பிறந்த அன்றே தொடங்கியிருக்கிறது. வீட்டுக்கு வந்து இரண்டையும் கழித்துப் பார்த்தேன். 15. அட்டனில் சூரியன் அவ்வளவு முன்னால். அன்று ராத்திரியே கீழ் முகப்பை அந்த அளவு முன்னால் தள்ளி வைத்தேன்.

இதையெல்லாம் கடைப் பையனிடம் சொல்லவா முடியும்? பேட்டரிக் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் அக்கா வீடியோவில் வந்தாள். 70 தாண்டிவிட்டது, காது மந்தம், போனை நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பேசுவாள். அவள் பின்னால் டியூப்லைட் எரிகிறது, ஜன்னலில் அந்தி மங்கல். நான் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எதிர் மலையில் இன்னும் மஞ்சள் வெயில்.

"என்ன தம்பி, விளக்கு வைக்கிற நேரமாச்சு, அங்க பட்டப்பகலா இருக்கு?"

"இருட்டிரும்க்கா, இன்னும் கொஞ்ச நேரத்துல" என்றபடி கீழ்க் கீயை இழுத்தேன்.