மூடி மிதக்கும், பாட்டில் மூழ்கும்

மதுரையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் எங்கள் பள்ளி. அரசு உயர்நிலைப் பள்ளி. நான் அங்கே அறிவியல் ஆசிரியை, பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமான தேசியப் பசுமைப் படைக்கும் நான்தான் பொறுப்பு. முதல் இரண்டு வருடம் ஊர்வலம், மரக்கன்று, கட்டுரைப் போட்டி என்று போனது. இரண்டு தொட்டிகள் வாங்கிப் பச்சையும் நீலமும் அடித்து வைத்தோம். ஒரே வாரத்தில் இரண்டிலும் ஒரே குப்பை.

அப்புறம் ஒன்பதாம் வகுப்புக்குப் 'பாய்மங்கள்' பாடம் வந்தது. அடர்த்தியைக் கண்ணால் காட்டலாமே என்று சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். மைதானத்தில் கிடந்த தண்ணீர் பாட்டிலைத் துண்டு துண்டாக வெட்டி உள்ளே போட்டோம். துண்டுகள் எல்லாம் அடிக்குப் போய்விட்டன. மூடி மட்டும் மேலே நின்றது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து வந்தாள். "ரெண்டுமே பிளாஸ்டிக்தானே டீச்சர்?" என்று கேட்டபடி மூடியை விரலால் வாளியின் அடிவரை அழுத்திப் பிடித்தாள். விட்டதும் மூடி மேலே வந்துவிட்டது. மறுபடி அழுத்தினாள். மறுபடி வந்தது.

பாட்டில் 'பெட்' (PET) என்ற வகைப் பிளாஸ்டிக். தண்ணீரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1 கிராம், பெட்டுக்குச் சுமார் 1.38, அதனால் தண்ணீரில் மூழ்கும். மூடி பாலிபுரொப்பிலீன் அல்லது ஹெச்டிபிஇ என்ற வேறு வகைப் பிளாஸ்டிக். இரண்டுக்குமே அடர்த்தி ஒன்றுக்கும் குறைவு. மறுசுழற்சி ஆலைகளில் அரைத்த துண்டுகளைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டி இப்படித்தான் பிரிக்கிறார்கள் என்று சொன்னேன். மறுநாள் ஆளுக்கொரு பொருளோடு வந்தார்கள்: ஷாம்பு டப்பா, பால் பாக்கெட், தயிர் கப். அடியில் முக்கோணத்துக்குள் பிளாஸ்டிக் வகையைச் சொல்லும் எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு வாளியில் போட்டார்கள். 1 மூழ்கும், 2, 4, 5 மிதக்கும் என்று கரும்பலகையில் எழுதியது அவர்கள்தான். நான் சாக்பீஸைத் தொடவே இல்லை.

அந்த வாரமே அவளும் இன்னும் ஐந்து பேரும் வந்து, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இடத்தைக் கேட்டார்கள். நாலு சாக்கு, ஒரு கணக்கு நோட்டு, சத்துணவுக் கூடத்துத் தொங்கு தராசு. வெள்ளிக்கிழமை தோறும் எடை போட்டு, பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர்தான் அவர்களுடைய இரண்டாவது ஆசிரியர். "ஏத்தா, மூடியக் கழட்டு, உள்ள இருக்கிற தண்ணியக் கொட்டு. வெள்ளைப் பேப்பரத் தனியாக் கட்டு, நியூஸ் பேப்பரோட சேத்தா விலை போகாது." இவ்வளவையும் நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்டதில்லை.

ஒரு நாள் கடையில் எடை அறுநூறு கிராம் குறைந்தது. "அண்ணே, எங்க நோட்டுல நாலு கிலோ அறுநூறு இருக்கு" என்று அவள் பணிவாகத்தான் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. குனிந்து பார்த்தால் சாக்கின் ஒரு மூலை தரையில் உட்கார்ந்திருந்தது. தூக்கிக் கட்டி மறுபடி போட்டார். சரியாக நாலு அறுநூறு. இதே வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: தராசையும் நோட்டையும் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள்.

ஆண்டு முடிவில் பழைய நோட்டுகளில் எழுதாத தாள்களைப் பிரித்துத் தைத்து, பத்தாம் வகுப்புக்குத் தேர்வு எழுதிப் பழகக் கொடுத்தார்கள். எழுபது நோட்டுக்கு மேல் வந்தது.

வருத்தமும் உண்டு. பிரித்து வைத்த குப்பையை வண்டியில் ஒன்றாகக் கொட்டியதை ஒரு காலையில் எல்லாரும் பார்த்தார்கள். சில பிள்ளைகள் அழுதே விட்டார்கள். வண்டியோடு வரும் அக்காவிடம் போய்க் கேட்டதற்கு, "வண்டியில ஒரே தொட்டிதான் கண்ணு இருக்கு, நான் எங்க பிரிச்சுப் போட?" என்றார். அவர் சொன்னது நியாயம். அன்றிலிருந்து மீந்த சோறும் காய்கறித் தோலும் வேப்பமரத்தடிக் குழிக்குப் போகின்றன, மேலே ஓர் அடுக்கு காய்ந்த இலை.

மிஞ்சியது யாரும் வாங்காத சாக்கு. சிப்ஸ், பிஸ்கட் உறைகள். பிளாஸ்டிக்கும் மெல்லிய அலுமினியமும் ஒன்றோடொன்று ஒட்டிய அடுக்குகள் அவை. பிரிக்க முடியாததால் கடைக்காரர் தொடமாட்டார். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த பிறகும் எங்கள் மைதானத்தில் இந்த உறைகள் குறையவில்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், வீணான பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் உருக்கிப் பூசித் தார்ச்சாலை போடும் முறையைக் கண்டதையும், 2018இல் பத்மஸ்ரீ பெற்றதையும் சொன்னேன். நம்ம மதுரையிலேயா என்று கண்கள் விரிந்தன.

ஆனால் அவர்கள் சாலைக்காகக் காத்திருக்கவில்லை. அந்தச் சாக்கை ஒளித்து வைக்காமல் வராந்தாவில், எல்லார் கண்ணிலும் படும்படி தொங்கவிட்டார்கள். பிறகு வாசலுக்கு எதிர்க் கடைப் பாட்டியிடம் போய், கடலை மிட்டாய், தேன் மிட்டாய், முறுக்கு மூன்றையும் கண்ணாடி பாட்டிலில் போட்டு விற்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். பாட்டி ஒத்துக்கொண்டார். முன்பு இரண்டு வாரத்தில் நிரம்பிய சாக்கு இப்போது நிரம்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

அவள் இப்போது பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று போன வெள்ளிக்கிழமை நோட்டை எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் கொடுத்தாள். அவன் அவசரமாகத் தராசைப் பார்த்தான். அவள் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"முதல்ல சாக்கத் தூக்கிப் பிடி. தரையில படுதான்னு பாரு. அப்புறம் முள்ளப் பாக்கலாம்."