ஒட்டிப்போன இஜிஆர் வால்வு: 1248 சிசி டீசலில் கழற்றிக் கழுவியது

நாலு சிலிண்டர் டீசல், பெரும்பாலும் ஊருக்குள்ளேயே ஓட்டம். ஐடிலிங்கில் நடுக்கம், மிதித்தால் கரும்புகை, ஸ்கேனரில் பி0404: இஜிஆர் வால்வு சொன்னபடி இயங்கவில்லை என்ற கோட். வெளியேறும் புகையில் ஒரு பங்கை மறுபடி இன்டேக்குக்கு, அதாவது இன்ஜின் காற்று இழுக்கும் வழிக்கு, விடுவது இந்த வால்வு; அது திறந்தால் உள்ளே போகும் புதுக் காற்று குறையும்.

கோட் வந்ததும் ஸ்பானரை எடுக்க வேண்டாம்; முதலில் காற்றுக் கணக்கு. ஒரு சிலிண்டர் 312 சிசி. ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிராம். ஆக ஒரு ஸ்ட்ரோக்குக்கு அதிகபட்சம் 370 மில்லிகிராம். வெயில், உறிஞ்சும்போது ஆகும் இழப்பு எல்லாம் கழித்தாலும், வால்வு மூடியிருந்தால் 300 பக்கம் வர வேண்டும். இங்கே ஸ்கேனரில் திற, மூடு என்று மாற்றி மாற்றிச் சொல்லியும் 210-லேயே நின்றது. எண் ஏறி இறங்கியும் மொத்தத்தில் குறைவாகவே இருந்திருந்தால் சந்தேகம் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் மேல் போயிருக்கும். அசையவே இல்லை என்றால் வால்வுதான்.

இன்ஜின் ஆறியபின் கழற்ற வேண்டியது பேட்டரி நெகட்டிவ், வால்வின் வயர் கப்ளர், பிறகு போல்ட். போல்ட் முரண்டு பிடித்தால் துரு இளக்கி அடித்து, கொஞ்சம் தளர்த்தி கொஞ்சம் இறுக்கி எடுக்கவும். அலுமினிய ஹெட்டில் போல்ட் முறிந்தால் வேலை ஒரு நாள் நீளும். கழற்றியதும் வாய்களில் துணி அடைத்தாயிற்று. இன்டேக்குக்குள் கிளீனர் தேங்கினால் டீசல் இன்ஜின் அதையும் எரிபொருளாக எடுத்துக்கொண்டு தறிகெட்டுச் சுற்றும்.

புகை வரும் பக்கம் உலர்ந்த கரி, தட்டினாலே உதிர்ந்தது. இன்டேக் பக்கம் தார் மாதிரிப் பிசுக்கு: பிரீதர் (இன்ஜினின் மூச்சுக் குழாய்) வழியே வரும் எண்ணெய் ஆவியில் கரி குழைந்தது. வால்வுத் தண்டைப் பிடித்து வைத்தது இதுதான்.

மோட்டார் மேலே, வால்வு கீழே இருக்கும்படி பிடித்து கார்ப் கிளீனர் அடித்து, 15 நிமிடம் ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்தது மூன்று சுற்று. அரை டின் காலி. கம்பி பிரஷ் வால்வு அமரும் சீட்டில் கோடு போடும். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே தின்னும். பிளையரால் தண்டை இழுத்தால் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் போகும், பிறகு புது வால்வுதான்.

பளபளப்பை நம்பக் கூடாது. வால்வு தலையின் மேல் சிறிது டீசல் ஊற்றிப் பார்த்ததில் சொட்டியது. சீட்டில் கடுகளவு கரி மிச்சம். அதை எடுத்தபின் ஒரு நிமிடம் வரை கசிவில்லை.

கேஸ்கெட் புதிது; நசுங்கிய பழைய உலோகக் கேஸ்கெட் திரும்ப அடைக்காது. ஸ்கேனரில் பி0404-ஐ அழித்து, இக்னிஷனை ஆன் செய்து 30 வினாடி விட்டு ஆஃப் செய்தாயிற்று. வால்வின் மூடிய நிலையை இன்ஜின் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க சில வண்டிகளுக்கு ஸ்கேனரே வேண்டும்.

இப்போது மூடினால் 315, திறந்தால் 205. கரும்புகை இல்லை. பி0404 சீக்கிரமே திரும்பினால் மறுபடி கழுவுவது வீண். வால்வின் பொசிஷன் சென்சாரையும் வயரிங்கையும் பார்க்க வேண்டியதுதான்.