லண்டன் பென்சனோடு கரவெட்டிக்கு

எங்களைப் போல லண்டனை விட்டு யாழ்ப்பாணத்து ஊரில் வந்து இளைப்பாற யோசிப்பவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது வெயிலையும் நுளம்பையும் பற்றித்தான். இரண்டும் பழகிவிடும். கேட்க வேண்டியது பென்சனைப் பற்றி.

பிரித்தானிய அரச பென்சன் ஒவ்வொரு ஏப்ரலிலும் கூடும். இலங்கையில் குடியிருந்தால் கூடாது. எந்தத் தொகையோடு வந்தோமோ அதுதான் கடைசிவரை. இந்தியா, கனடா, ஆஸ்திரேலியா போனவர்களுக்கும் இதே கதிதான். ஸ்பெயினுக்கோ பிலிப்பைன்சுக்கோ போயிருந்தால் வருடா வருடம் ஏறும். நியாயம் கேட்டுப் பிரயோசனம் இல்லை, இத்தனை வருடமாகப் பலர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

2024 ஏப்ரலில் முழுப் பென்சன் வாரம் 203.85 பவுணிலிருந்து 221.20 பவுணாக ஏறியது. பனிக்குள் முழங்கால் வலியோடு இருந்த மனைவியை "ஏப்ரல் கழியட்டும்" என்று மறித்து வைத்தது இதற்காகத்தான். நன்றாக ஏச்சு வாங்கினேன். சரி, வாரம் 17 பவுண் சொச்சம், அதுவும் உயிர் உள்ளவரை. முழுத் தொகைக்கு 35 வருடப் பங்களிப்பு வேண்டும். மனைவிக்குச் சில வருடங்கள் குறைந்தன. வெளிக்கிட முன்னரே காசு கட்டி அவற்றை நிரப்பினோம்.

அடுத்தது இரட்டைக் குடியுரிமை. பிரித்தானியக் குடியுரிமை எடுத்ததோடு எங்கள் இலங்கைக் குடியுரிமை போய்விட்டது. வெளிநாட்டவராக வந்தால் விசாவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். காணி வாங்குவதும் இலேசில்லை, வெளிநாட்டவர் காணி வாங்குவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கும். 55 வயது தாண்டியவர்கள் வயதைக் காரணமாகக் காட்டியே இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். நாங்கள் லண்டன் தூதரகம் வழியாகக் கொடுத்தோம், முடிவு எடுப்பது கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையில் இருக்கிற குடிவரவுத் திணைக்களம்.

படிவம் நிரப்புவது பெரிய வேலையில்லை. எங்களைப் படாத பாடு படுத்தியது பெயர். என் பிறப்புப் பத்திரத்தில் அப்பா 'இராசையா'. என் பிரித்தானியக் கடவுச்சீட்டில் அவர் 'ராஜா' ஆகி என் குடும்பப் பெயராக நிற்கிறார். மனைவியின் நிலைமை இன்னும் மோசம். பிறப்புப் பத்திரத்தில் அவளுடைய தகப்பன் பெயர், கலியாணப் பதிவில் என் பெயர், கடவுச்சீட்டில் மாமனார் பெயர். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று பெண்கள்தான். தூதரகத்தில் பத்திரங்களைச் சரிபார்த்த பிள்ளை நிமிர்ந்து, "அம்மா, இதில நீங்கள் எவர்?" என்று சிரிக்காமல் கேட்டது.

நெல்லியடியில் இருக்கிற மச்சான் பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பிறப்புப் பத்திரங்களின் புதுப் பிரதிகளை எடுத்து அனுப்பினான். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று ஆளுக்கொரு சத்தியக் கடதாசி முடித்தோம். அதில் ஒவ்வொரு பெயரும் அந்தந்தப் பத்திரத்தில் இருக்கிறபடியே எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். புள்ளி, இடைவெளிகூட. இதை எல்லாவற்றுக்கும் முதல் செய்யுங்கள். பொலிஸ் சான்றிதழைக் கடைசியாக எடுங்கள், அது பழசாகிவிட்டால் திரும்பவும் காசு கட்ட வேண்டும்.

வைத்தியம் பற்றிப் பிள்ளைகள்தான் கூடப் பயந்தார்கள். நிரந்தரமாக வெளியேறினால் லண்டன் இலவச வைத்தியம் முடிந்தது, அது உண்மை. இங்கே பக்கத்தில் இருக்கிற மந்திகை அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் காசில்லாமல் பார்க்கிறார்கள், ஆனால் விடியவே போய் இருக்க வேண்டும். அவசரமென்றால் யாழ்ப்பாணத்தில் தனியார். அதற்கென்று ஒரு தொகையைத் தொடாமல் வைத்திருக்கிறோம். முழங்கால் வலி முற்றாகப் போகவில்லை, ஆனாலும் மனைவி கோயிலுக்கு நடந்து போய் வருகிறாள்.

இன்னும் இரண்டு விசயம். நீங்கள் உயிரோடுதான் இருக்கிறீர்களா என்று கேட்டுப் பென்சன்காரர் ஒரு படிவம் அனுப்புவார்கள். சாட்சிக் கையெழுத்தோடு திருப்பி அனுப்பாவிட்டால் காசை நிறுத்திவிடுவார்கள். ஆகவே விலாசம் மாறினால் உடனே அறிவியுங்கள், பதிலைப் பதிவுத் தபாலில் போடுங்கள். அப்புறம், பேரப்பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போய் நிற்கிற நாட்களுக்கு மட்டும் அன்றைய கூடின வீதத்தில் பென்சன் எடுக்கலாம். அவர்களாகத் தரமாட்டார்கள், போகிற திகதியையும் திரும்புகிற திகதியையும் சொல்லி நாங்கள்தான் கேட்க வேண்டும்.