ஊசி போட்டும் அணு ஏறவில்லையா?

பாலக்காட்டில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தமிழ் பேசுகிறவன் என்று தெரிந்ததும் புற்றுநோய் வார்டுக்காரர்கள் ரிப்போர்ட் வாங்கும் ஜன்னலில் நின்று கேட்பார்கள்: "ஏனுங்க தம்பி, இத்தனை ஊசி போட்டும் வெள்ளணு ஏறலையே?"

அவர்கள் சொல்வது வெள்ளணுவை ஏற்றப் போடும் ஜி-சிஎஸ்எஃப் ஊசியை. அது அணுக்களைக் கொண்டுவந்து ஊற்றுவதில்லை. எலும்பு மஜ்ஜையில் நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளணு ஆகப்போகும் இளம் செல்களின் மேல் அதற்கென ஏற்பிகள் உண்டு. மருந்து அங்கே ஒட்டினால்தான் செல் பெருகும், சீக்கிரம் முதிரும், ரத்தத்துக்கு வரும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் கீமோ மருந்து அந்த இளம் செல்களையே துடைத்துவிட்டால், நாற்று இல்லாத வயலில் யூரியா போட்ட கதைதான். கீமோ முடிந்து 24 மணி நேரமாவது போகாமல் இந்த ஊசியைப் போடாததும் இதனால்தான். ஊசி தூண்டிவிட்டு இரண்டாகப் பிரிந்து பெருகும் செல்தான் கீமோவிடம் முதலில் மாட்டும்.

ஊசி வேலை செய்யும்போதுதான் எனக்கு வேலை கூடும். கண்ணாடியில் தேய்த்த ரத்தத்தை (ஸ்மியர்) மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பேண்ட் செல், மெட்டாமைலோசைட், சில சமயம் மைலோசைட் என்று இன்னும் முதிராத வெள்ளணுக்கள்கூட வந்து நிற்கும். செல்லுக்குள் கருத்த துகள்கள், டோலே பாடிகள் என்ற நீலத் திட்டுகள் வேறு. கடுமையான தொற்றிலும் இதே படம்தான். ஊசி போட்டதைப் படிவத்தில் எழுதியிருந்தால் சிக்கல் இல்லை. எழுதமாட்டார்கள்! வார்டுக்கு போன் போட்டுக் கேட்காமல் நான் ஸ்லைடை மேலே அனுப்புவதில்லை.

சிவப்பணு விஷயத்திலும் இதே கணக்குதான். சிவப்பணுவைப் பெருக்கச் சொல்லும் ஹார்மோன் எரித்ரோபொய்ட்டின். அதை 1977இல் கோல்ட்வாசர் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு சுத்தமாகப் பிரித்தெடுத்தது 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து. அத்தனையும் மஜ்ஜை ரத்த அணுக்களைச் செய்யாமல் போகும் ஏப்ளாஸ்டிக் அனீமியா நோயாளிகளுடையது. ரத்தம் போதவில்லை என்று சிறுநீரகம் இந்த ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கிறது, மஜ்ஜையிலோ அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை. மிஞ்சியது சிறுநீரில் போகிறது. எனக்கு இதைப் படித்தபோது அந்த ஆராய்ச்சியைவிட அந்த நோயாளிகளின் நினைப்புதான் அதிகம் வந்தது.

இதற்கு நேர் எதிரான கேஸும் வரும். ஹீமோகுளோபின் 19 என்று எகிறியிருக்கும், எரித்ரோபொய்ட்டினோ அடிமட்டத்தில். சிவப்பணு அளவுக்கு மீறிப் பெருகும் பாலிசைத்தீமியா வீரா என்ற நோய். ஏற்பியின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் ஜாக்2 என்ற நொதியில் ஒரு மாற்றம். ஹார்மோன் வராமலே வந்ததுபோல் செல்லைப் பிரிந்து பெருகச் சொல்லும். 2005இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு அவ்வப்போது உடம்பிலிருந்து கொஞ்சம் ரத்தத்தைப் பையில் இறக்கிவிடுவோம். அப்படி வந்த பெரியவர் ஒருவர் நிறைந்த பையைப் பார்த்துவிட்டு, "பக்கத்து வார்டுல ரத்தம் இல்லேன்னு அலையறாங்க, அவங்களுக்குக் குடுத்தரலாமுல்ல?" என்றார். கொடுக்கக் கூடாதுங்க, நோய் இருக்கிற ரத்தம் என்றேன். அவருக்கு அது சமாதானமாகவே இல்லை.