பாரிஸில் சிக்கனமாகத் தங்க
ஜூன் பள்ளி விடுமுறைக்குப் பாரிஸ் போகிறவர்கள், ஐஃபில் கோபுரம் தெரிகிற அறைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

என் தேர்வு கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கம். சார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்து ஆர்இஆர் பி ரயிலில் ஏறினால் நேரே அங்கே இறங்கலாம், அப்புறம் நடக்கிற தூரத்திலேயே லா ஷப்பேல் பகுதி, அங்கே ஈழத்தமிழர் கடைகள், தோசை, மாணிக்க விநாயகர் கோயில், பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி! கூட்டம் அதிகம், பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யும் முன் லிஃப்டும் ஏர்கானும் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பழைய கட்டடங்களில் இரண்டுமே இல்லாமல் போகலாம், அங்கே தரைத்தளத்தைச் சேர்க்காமல் எண்ணுவதால் நான்காம் மாடி என்றால் நம் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி புளோக் கணக்கில் ஐந்தாவது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். தங்கும் வரியை ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவார்கள். அதையும் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள்.